கடல் கயாக் மக்கர் பண்ணினால் எங்கிருந்து பார்ப்பது?

பாறைச்சுவர் மணிக்கணக்காக நீளும் கரை, இடையில் இறங்க ஒன்றிரண்டு சின்னக் குடாக்கள், அதுவும் அலை விட்டால்தான். இப்படிப்பட்ட இடங்களில் கயாக் (துடுப்பால் ஓட்டும் நீளமான, குறுகிய படகு) ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட வருகிறவர்களின் படகைச் சரிபார்க்கும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும், வருவதும் திரும்பத் திரும்ப அதே சில கோளாறுகள்தான். அவற்றில் பாதிக்கு மேல் மணல், உப்பு, தளர்ந்த ரப்பர் என்ற அளவிலேயே முடிந்துவிடும். ஆனால் ஹேட்சுக்குள் (படகின் மேலே மூடி போட்ட சாமான் அறைக்குள்) தண்ணீரைப் பார்த்த உடனே எல்லோருக்கும் அடிப்பாகத்தில் விரிசல் என்றுதான் தோன்றுகிறது, எபாக்ஸிப் பசை டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள்.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தில் ஆரம்பித்து, செலவு பிடிக்கும் காரணம் வரை போயிருக்கிறேன். வரிசையைத் தாண்டாதீர்கள்.

தண்ணீரில் இருக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கோளாறு படகு மிதப்பதையோ, திசை பிடிப்பதையோ, உதவிக்குக் கூப்பிடுவதையோ பாதிக்குமா? பாதிக்கும் என்றால் கடலுக்குள் நீண்டிருக்கும் அடுத்த முனையைச் சுற்றாதீர்கள். முனைக்கு அந்தப் பக்கம் காற்றும் நீரோட்டமும் வேறு மாதிரி இருக்கும், திரும்பி வர முடியாமலே போகலாம். கடைசியாகத் தாண்டி வந்த குடாவுக்கே திரும்பிப் போய்க் கரையேறுங்கள். மற்றதெல்லாம் கரையில் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: ஹேட்சுக்குள் தண்ணீர்

முதலில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். நாள் முழுக்க அலையில் அடிபட்டு வந்த பிறகு ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கிற அளவு இருந்தால் விட்டுவிடலாம். ஈரமான கூடாரத்தை உள்ளே திணித்திருந்தால் அதிலிருந்து வடிந்ததாகக்கூட இருக்கும். படகைச் சாய்த்தால் சளக் சளக்கென்று சத்தம் கேட்கிற அளவுக்கு இருந்தால்தான் மேலே படிக்க வேண்டும். எந்த அறையில் தண்ணீர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பாதித் துப்பு அதிலேயே இருக்கிறது.

### எந்த அறையானாலும் முதலில்: மூடி

ரப்பர் மூடியைக் கழற்றி, உதட்டின் உள்பக்கக் காடி முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு மணல் துணுக்கு, காய்ந்த பாசி, டிரை பேக்கின் (தண்ணீர் புகாத பையின்) வார், எது இருந்தாலும் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அடிக்கடி மாட்டுவது மூடி தொலையாமல் இருக்கக் கட்டியிருக்கும் மெல்லிய கயிறு. அவசரமாக மூடும்போது அது உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் மூடி நன்றாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். மூடிய பிறகு விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் ஒரு முழு வட்டம் அழுத்துங்கள். சரியாக உட்காராத இடம் அப்போது 'டப்' என்று இறங்கும்.

அடுத்தது ரப்பரின் வயது. உதட்டை வெளிப்பக்கமாக வளைத்துப் பிடித்தால், வெயிலில் காய்ந்த ரப்பரில் தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் வரிசையாகத் தெரியும். வெடிப்பு வந்த மூடிக்கு வைத்தியம் இல்லை, மாற்றிவிடுங்கள். பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் எதையும் ரப்பர் மேல் தடவாதீர்கள், அது ரப்பரை ஊத வைக்கும். பயணத்தின் நடுவில் மூடி கிழிந்தால் கனமான பிளாஸ்டிக் உறையை விளிம்பின் மேல் விரித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் மூடியைப் போடுங்கள். அமைதியான தண்ணீரில் அடுத்த இறங்குமிடம் வரை தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

### மூடி நன்றாக இருக்கிறது, ஆனால் உள்நோக்கிக் குழிந்திருக்கிறது

வெயிலில் கிடந்த படகைக் குளிர்ந்த கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், இருக்கிற சின்னச் சந்தில் எல்லாம் தண்ணீரை இழுக்கும். இதற்காகவே பல படகுகளில் பல்க்ஹெட்டில் (அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவரில்) ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். அது உப்போ சீலன்டோ (கசிவை அடைக்கும் பசை) அடைத்துப் போயிருந்தால் மூடி குழியும் அல்லது புடைக்கும். மெல்லிய கம்பியால் துளையைத் திறந்துவிடுங்கள். அது ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுகிறவர்களும் உண்டு, அப்படிச் செய்ய வேண்டாம். துளை வழியாக ஒழுகும் சொட்டுகளை ஸ்பாஞ்ச் பார்த்துக்கொள்ளும்.

### பக்கத்து அறையிலும் தண்ணீர் ஏறுகிறது

பல்க்ஹெட்டின் ஓரம் விட்டிருக்கலாம். படகைக் கரையில் மெத்தென்ற எதன் மேலாவது சமமாக வைத்து, ஒரு அறையில் சில லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்த்து, தண்ணீர் பல்க்ஹெட் ஓரத்தில் நிற்கும்போது மறுபக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு மறுபக்கமாகச் சாய்த்து அதையே செய்யுங்கள். ஒழுகும் இடம் கண்ணாலேயே தெரிந்துவிடும், பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.

பாலிஎத்திலீன் படகுகளில் இது சகஜம். அடிப்பாகம் வளைந்து வளைந்து கொடுக்கும்போது நுரை பல்க்ஹெட்டின் ஓரத்துச் சீலன்ட் விட்டுவிடும். பழையதைச் சுரண்டி எடுத்து, நன்னீரால் கழுவி, முழுக்கக் காயவைத்து, வளைந்து கொடுக்கும் கடல் சீலன்டைப் பூசுங்கள். அது காய டியூபில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அத்தனை மணி நேரமும் படகைத் தொடக் கூடாது. குளியலறைச் சிலிகோனை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது விட்டுப் போன பிறகு மிச்சமிருக்கும் படலத்தின் மேல் வேறு எதுவுமே ஒட்டாது, அடுத்து சரிசெய்கிறவர் பாடு திண்டாட்டம்.

### பின் அறையில் மட்டும் தண்ணீர், அதுவும் ஸ்கெக் உள்ள படகில்

ஸ்கெக் என்பது படகு திசை பிடிக்கப் பின் அடியில் இறக்கி ஏற்றும் சின்னத் தகடு. அது உள்ளே மடங்கும் ஸ்கெக் பெட்டியைச் சந்தேகப்படுங்கள். படகைக் கவிழ்த்து வைத்து, ஸ்கெக் காடிக்குள் தண்ணீரை ஊற்றி நிரப்புங்கள். பின் ஹேட்ச் வழியாகத் தலையை நுழைத்து, கேபிள் குழாய் பெட்டியோடு சேருகிற இடத்தில் டார்ச் அடியுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். குழாய் சற்று நழுவியிருந்தால் திரும்ப ஏற்றி, கிளிப்பை இறுக்கினால் போதும். பெட்டி அடிப்பாகத்தோடு சேரும் கோட்டில் கசிந்தால் அது வேறு வகை வேலை.

### இன்னும் பிடிபடவில்லை

டெக்கில் (படகின் மேல்பக்கத்தில்) கயிறுகள் மாட்டியிருக்கும் போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தொட்டுப் பாருங்கள். கையால் சுற்றினால் சுற்றுகிற நட்டு எல்லாமே ஒழுகும். இறுக்குங்கள், ஆனால் பலம் காட்டாதீர்கள், சுற்றியுள்ள ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸின் வெளிப்பூச்சு) வெடிக்கும்.

அதற்கும் பிறகு காற்றுச் சோதனை. சந்தேகப்படும் அறையின் மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கிக் கட்டி, அதில் ஒரு சின்னக் குழாயைச் செருகி, வாயால் ஊதுங்கள். இன்னொருவர் இணைப்புகள் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வரட்டும், குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. வாயால்தான் ஊத வேண்டும். கம்ப்ரசர் வைத்து ஊதினால் பல்க்ஹெட்டே பிடுங்கிக்கொண்டு வரும்.

எப்போது பட்டறைக்கு: டெக்கும் அடிப்பாகமும் சேரும் பக்கவாட்டு இணைப்பு திறந்திருந்தால், ஃபைபர்கிளாஸ் பல்க்ஹெட் நீளமாகப் பிரிந்திருந்தால், ஸ்கெக் பெட்டி அடியோடு ஆடினால். இவற்றைக் கரையில் டேப் போட்டுத் திரும்பி வரலாம், வந்ததும் பட்டறைக்குத்தான்.

## அறிகுறி 2: உட்காரும் இடத்தில் தண்ணீர்

தொடை மேல் விழுகிறதா, அடியிலிருந்து ஏறுகிறதா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடை மேல் விழுந்தால் ஸ்ப்ரே ஸ்கர்ட்தான் (இடுப்பில் மாட்டி, உட்காரும் இடத்தை மூடும் உறை). நடுவில் பள்ளமாகத் தொய்ந்து தண்ணீர் தேங்கினால் அது தையல் வழியாக இறங்கும். வெளிச்சத்தைப் பார்த்து ஸ்கர்ட்டை விரித்துப் பிடித்தால் தையல் ஓட்டைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும், நியோப்ரீன் பசையை உள்பக்கம் மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். இடுப்புப் பகுதி வழியாக வந்தால், லைஃப் ஜாக்கெட்டின் அடிப்பாகம் இடுப்புக் குழாயை மடக்கிவிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது கரையிலேயே கண்ணில் படக்கூடியது, யாரும் பார்ப்பதில்லை.

அடியிலிருந்து ஏறினால் கால் மிதியும் இருக்கையும் மாட்டியிருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். பல பிளாஸ்டிக் படகுகளில் கால் மிதியின் தண்டவாளத்தைப் பக்கச் சுவரைத் துளைத்துத்தான் மாட்டியிருப்பார்கள், சுமை ஏற்றினால் அந்த இடம் தண்ணீருக்குள் போய்விடும். ரப்பர் வாஷரை மாற்றினால் சரியாகிவிடும்.

ஸ்கர்ட் பற்றி ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. ஒழுகுகிற ஸ்கர்ட் தொந்தரவு, கழற்ற வராத ஸ்கர்ட் உயிருக்கு ஆபத்து. புது நியோப்ரீன் ஸ்கர்ட் விறைப்பாக இருக்கும். நனைத்து, காக்பிட் (உட்காரும் இடம்) விளிம்பில் மாட்டி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவையுங்கள். ஒற்றைக் கையால், கண்ணை மூடிக்கொண்டு, இழுப்பு வாரைப் பிடித்து முன்னால் தள்ளி மேலே இழுத்தால் கழன்று வர வேண்டும். வராத ஸ்கர்ட்டோடு பாறைக் கரைக்குப் போகாதீர்கள். கிளம்பும்போது வார் வெளியே இருக்கிறதா என்பதை உங்களோடு வருகிறவரும் பார்த்துச் சொல்லட்டும்.

கைப் பம்ப் உறிஞ்சவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்திருக்கும். முழுப் பம்பையும் தண்ணீரில் முக்கி நாலைந்து முறை இழுத்துத் தள்ளுங்கள். இன்னும் வரவில்லையா, அடி வாயில் பாசியோ கூழாங்கல்லோ அடைத்திருக்கும். வீட்டில் தலைப்பகுதியைத் திருகித் தண்டை வெளியே எடுத்து, சிலிகோன் கிரீஸ் கொஞ்சம் தடவி வையுங்கள்.

## அறிகுறி 3: ஸ்கெக் இறங்க மறுக்கிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான். முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் ஒன்றே: ஸ்கெக்கை இறக்கி ஏற்றும் ஸ்லைடரைத் தள்ளிப் பலம் காட்டாதீர்கள். சிக்கிக்கொண்ட ஸ்கெக்கைத் தள்ளினால் உள்ளே கேபிள் மடங்கும், மடங்கிய கம்பி அதற்குப் பிறகு சுலபமாக ஓடாது. ஒரு கூழாங்கல்லோடு முடிய வேண்டிய விஷயம் கேபிள் மாற்றும் வேலையாக வளர்வது இப்படித்தான்.

### தண்ணீரில் இருக்கும்போது

காரணம் அநேகமாகக் கல். கூழாங்கல் கரையில் படகில் உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் நகர்ந்து இறங்கும்போது, ஸ்கெக் காடிக்குள் ஒரு கல் ஏறிக்கொள்ளும். பக்கத்தில் வருகிறவரைப் பின்னால் வரச் சொல்லுங்கள். ஸ்கெக்கின் நுனியில் ஒரு சின்னக் கயிறு தொங்கினால் அவர் அதைப் பிடித்து இழுத்தால் போதும், கல் பொலபொலவென்று விழுந்துவிடும். கயிறு இல்லாத ஸ்கெக்காக இருந்தால் அடுத்த முறை வீட்டில் இருக்கும்போது நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். இந்த முழுக் கட்டுரையிலும் மிகக் குறைந்த வேலையில் மிக அதிகப் பலன் தருவது இந்தத் துளைதான்.

தனியாக இருந்தால் கரைக்குப் போகும் வரை ஸ்கெக் இல்லாமல் ஓட்டுங்கள். இதற்காக நடுக்கடலில் படகை விட்டு இறங்க வேண்டாம்.

### கரையில்

படகைக் கவிழ்த்து, கத்தியின் முதுகையோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ காடிக்குள் விட்டுக் கல்லைத் தள்ளி எடுங்கள், மணலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு ஸ்கெக்கைக் கையால் இழுத்துப் பாருங்கள். கையால் சுலபமாக வருகிறது, ஸ்லைடரால் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ ஸ்லைடரிலோ இருக்கிறது.

ஸ்லைடர் நகர்கிறது, ஸ்கெக் நகரவில்லை என்றால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அது ஸ்லைடரிலும் இருக்கலாம், ஸ்கெக்கிலும் இருக்கலாம். ஸ்க்ரூவுக்குப் பொருந்தும் ஆலன் கீ உங்கள் பழுதுப் பையில் இருக்க வேண்டும், கரையில் இதற்கு மாற்று எதுவும் கிடைக்காது.

ஸ்லைடர் பாதி வழியில் கரகரத்து நின்றால் கம்பி மடங்கியிருக்கிறது. மடங்கிய இடம் பெரும்பாலும் ஸ்லைடருக்குப் பக்கத்திலேயே, கம்பி குழாய்க்குள் நுழைகிற இடத்தில்தான் இருக்கும். தற்காலிகமாக இடுக்கியால் நேராக்கலாம். ஆனால் கம்பியின் ஒரு இழை அறுந்திருந்தாலும் அது விரலைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுக் கம்பியையும் மாற்றிவிடுங்கள். பழைய கம்பியை வெளியே இழுத்து, பக்கத்தில் வைத்து அளந்து அதே நீளத்துக்குப் புதியதை வெட்டினால் ஸ்கெக் முன்பு இறங்கிய அளவுக்கே இறங்கும்.

கயிறும் இழுவை ரப்பரும் வைத்த ஸ்கெக்கில் மடங்கும் பிரச்சினை கிடையாது, ரப்பர் தொய்ந்துபோகும், அவ்வளவுதான். மாற்றுங்கள்.

### இறங்கியது ஏறவில்லை

இது இன்னும் மோசம். ஸ்கெக் நீட்டியபடி கரையில் மோதினால் ஸ்கெக் வளையும், பெட்டியும் பிளக்கலாம். அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே கூட வருகிறவரைக் கொண்டு தள்ளிவிடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அலை குறைந்த இடமாகப் பார்த்து, முழங்கால் ஆழத்தில் படகை விட்டு இறங்குங்கள். இறங்கும்போது கடல் பக்கமாக இறங்க வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவில் நின்றால், அலை சுமையேற்றிய படகை உங்கள் கால் மேல் கொண்டுவந்து மோதும்.

எப்போது பட்டறைக்கு: ஸ்கெக் பெட்டியின் சுவர் உள்நோக்கி வீங்கி ஸ்கெக்கைப் பிடித்துக்கொண்டால். அதை உள்ளிருந்து வெட்டி எடுத்து மாற்ற வேண்டும்.

## அறிகுறி 4: படகு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை

### காற்றைப் பார்த்தே திரும்புகிறது

பக்கவாட்டுக் காற்றில் மூக்கு காற்று வரும் திசைக்கே போகிறது என்றால் அது படகின் இயல்பு. ஸ்கெக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், நேராகப் போகத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். முழுக்க இறக்கியும் அடங்கவில்லை என்றால் சுமையைப் பாருங்கள். தண்ணீர்ப் பையும் சாப்பாடும் முன் அறையில் இருந்தால் மூக்கு அமுங்கி, பின்பக்கம் காற்றில் லேசாகிவிடும். கனமானதைப் பின் அறைக்கு, இருக்கைக்குப் பக்கத்திலேயே மாற்றுங்கள். டெக்கின் பின்பக்கம் உயரமாகக் கட்டிய பை இருந்தால் அதையும் உள்ளே வையுங்கள், அது பாய்மரம் கட்டிய மாதிரி காற்றைப் பிடிக்கும்.

### காற்றை விட்டு ஓடுகிறது

நேர் எதிர். ஸ்கெக்கை ஏற்றுங்கள், பின்பாரத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். கரையை விட்டுக் கடல் பக்கம் வீசும் காற்றில் இது வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள், படகு உங்களை வெளியேதான் கொண்டு போகும். உடனே பாறைக்குப் பக்கமாக, காற்று மறையும் இடத்துக்கு வந்து சரிசெய்யுங்கள்.

### காற்றே இல்லை, ஆனாலும் ஒரு பக்கம் இழுக்கிறது

படகை மாற்றிப் பாருங்கள். உங்கள் படகை நண்பர் ஓட்டட்டும், அவர் படகை நீங்கள் ஓட்டுங்கள். இழுப்பு உங்களோடு வந்தால் கோளாறு ஓட்டுகிறவரிடம் இருக்கிறது. இரண்டு கால் மிதிகளும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா, துடுப்பை நடுவில்தான் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இழுப்பு படகோடு இருந்தால், சுமை ஒரு பக்கம் சரிந்ததா, இருக்கை நடுவை விட்டு விலகியதா, ஸ்கெக் வளைந்ததா என்று இதே வரிசையில் பாருங்கள்.

பிளாஸ்டிக் படகை வண்டி மேல் அதிகமாக இறுக்கிக் கட்டியிருந்தால் அடியில் பள்ளம் விழுந்திருக்கும். வெயிலில் கவிழ்த்து வையுங்கள், பெரும்பாலும் தானாக மேலே வந்துவிடும். வராத பள்ளத்தில் சூடான தண்ணீரை ஊற்றி, உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த தண்ணீரை ஊற்றுங்கள். தீயைக் காட்டாதீர்கள்.

### சுக்கான் வைத்த படகில்

ஒரு கால் மிதி சட்டென்று லேசாகிவிட்டால் அந்தப் பக்கத்துக் கேபிள் அறுந்துவிட்டது. சுக்கானைத் தூக்கிக் கட்டிவிட்டு, அது இல்லாமல் ஓட்டுங்கள். ஒரு பக்கம் திரும்பியபடி தண்ணீரில் கிடக்கும் சுக்கான் பிரேக் மாதிரிதான். கேபிள் அறுவது நடுவில் அபூர்வம், முனையில் நசுக்கி மாட்டியிருக்கும் உலோக மூட்டின் ஓரத்தில்தான் இழை இழையாகப் போகும். கிளம்பும் முன் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், இழை குத்தினால் அன்றே மாற்றுங்கள். 3 மில்லிமீட்டர் டைனீமா (மிக உறுதியான, நீளாத) கயிறு ஒரு சுருள் பையில் இருந்தால் கரையில் கேபிளுக்குப் பதில் அதையே கட்டிக்கொள்ளலாம்.

எப்போது பட்டறைக்கு: படகின் மேல் நீளவாக்கில் நூல் பிடித்துப் பார்த்து ஃபைபர்கிளாஸ் உடலே முறுக்கியிருப்பது தெரிந்தால். அதை நிமிர்த்த வழியில்லை, வாங்கிய புதிது என்றால் தயாரித்தவரிடம் கேளுங்கள்.

## அறிகுறி 5: துடுப்பு கழலவில்லை, அல்லது ஆடுகிறது

இரண்டாகப் பிரியும் துடுப்பு கழலாததற்கு மணலும் உப்பும் காரணம். இணைப்பை நன்னீரில் ஊறவைத்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, இணைப்புக்குப் பக்கத்திலேயே தண்டைப் பிடித்து, முறுக்கிக்கொண்டே இழுங்கள். அலகைப் பிடித்து முறுக்கினால் கழுத்தில் உடையும். அதற்கும் வரவில்லை என்றால் வெளிக்குழாய் மேல் மட்டும் வெதுவெதுப்பைவிடச் சற்றுச் சூடான தண்ணீரை ஊற்றி உடனே இழுங்கள். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெயில் மணல் ஒட்டி அடுத்த முறை இன்னும் இறுகும். தினமும் கரையேறியதும் துடுப்பைக் கழற்றிக் கழுவுகிறவர்களிடமிருந்து இந்தப் புகாரே வருவதில்லை.

ஆடினால், உள்குழாய் மேல் மெல்லிய டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். இணைப்புக்குப் பக்கத்தில் தண்டு வாக்கில் கோடு தெரிந்தால் அது விரிசல், அந்தத் துடுப்பை நம்பி முனையைச் சுற்றாதீர்கள். டெக்கில் கட்டியிருக்கும் உபரித் துடுப்பு இதற்குத்தான். அது உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்ட வேண்டும், ஹேட்சுக்குள் பத்திரமாக வைத்தால் பயனில்லை.

## அறிகுறி 6: அடிப்பாகத்தில் கீறல் அல்லது விரிசல்

ஃபைபர்கிளாஸில் கீறல் என்றால் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் லேசாக மாட்டினால் ஜெல்கோட் கீறல் மட்டும், பயணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நட்சத்திர வடிவில் கோடுகள் பரவியிருந்தால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக வெளுத்திருந்தால் நார் உடைந்திருக்கிறது. கட்டை விரலால் அழுத்தும்போது அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட அதிகம் அமுங்கினாலும், தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்டாலும் அப்படித்தான்.

கரையில் செய்யக்கூடிய ஒட்டு நன்றாகவே தாங்கும், ஒரே நிபந்தனை காய்ந்திருக்க வேண்டும். உப்பை நன்னீரால் கழுவுங்கள். துடைத்து, சூடான கல்லையோ அடுப்புச் சூட்டையோ தூரத்தில் காட்டி உலர்த்துங்கள். மணல்தாளால் லேசாகத் தேயுங்கள். பியூட்டைல் டேப்பை (தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டு டேப்) விரிசலுக்கு எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் தாண்டும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள், கூரான மூலை பாறையில் உரசி முதலில் பிரியும். டேப்பையும் படகையும் வெதுவெதுப்பாக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து ஒட்டுங்கள். எபாக்ஸி போட நேரமிருந்தால் சரி, ஆனால் கலக்கும் விகிதம் டப்பாவில் எழுதியிருப்பதேதான், சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகவே இறுகாது. ஒட்டிய பிறகு அந்த அறையில் பெருத்த டிரை பேக்குகளையும் காற்றடைத்த பைகளையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒட்டு விட்டாலும் தண்ணீர் புக இடம் குறைவாக இருக்கும்.

பாலிஎத்திலீனில் எபாக்ஸி ஒட்டாது, வீணாக்காதீர்கள். கீறலில் நார் நாராகத் தொங்குவதைக் கத்தியால் சீவிவிடுங்கள். ஊடுருவிய விரிசல் என்றால் அதன் இரண்டு முனைகளிலும் சின்னத் துளை போட்டு, மேலும் ஓடாமல் நிறுத்தி, டேப் ஒட்டித் திரும்புங்கள்.

எப்போது பட்டறைக்கு: பிளாஸ்டிக்கில் ஊடுருவிய எந்த விரிசலுக்கும். அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி வெல்டு செய்ய வேண்டும், எல்லாப் படகையும் வெல்டு செய்யவும் முடியாது, வகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைபர்கிளாஸில் உள்ளங்கையைவிடப் பெரிய சேதமும், அடித்தண்டின் மேல் வரும் சேதமும் அவர்கள் வேலை.

## அறிகுறி 7: திசைகாட்டி பொய் சொல்கிறது

திசைகாட்டிக்குக் கீழே, முன் ஹேட்சில் என்ன இருக்கிறது? தகர டப்பாச் சாப்பாடு, அடுப்பு, எரிவாயு உருளை, கத்தி. டெக்கின் மேல் ரேடியோவும் போனும், இரண்டிலும் ஸ்பீக்கர் காந்தம் இருக்கிறது. படகைக் கரையில் அசையாமல் வைத்து, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே முள் நகர்கிறதா என்று பாருங்கள். மூடுபனி வரும் கரையில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. உள்ளே ஒரு சின்னக் குமிழ் இருந்தால் பரவாயில்லை, நாளுக்கு நாள் வளர்ந்தால் திரவம் கசிகிறது, மாற்றுங்கள்.

## அறிகுறி 8: ரேடியோவில் யாரும் பதில் சொல்வதில்லை

முதலில் சேனல், அப்புறம் ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் அமைப்பு), அப்புறம் பவர். ஸ்குவெல்ச் ஏறியிருந்தால் பலவீனமான பதில் வந்தும் உங்களுக்குக் கேட்காது. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று 1 வாட்டில் வைத்ததை மறந்திருப்பீர்கள், 5 வாட்டுக்கு மாற்றுங்கள். சத்தம் அடைத்துக் கேட்டால் ஸ்பீக்கர் சல்லடையில் தண்ணீர் நிற்கிறது, முகத்தைக் கீழே பார்த்து உதறுங்கள். சார்ஜ் செய்யும் இடத்துத் தகடுகளில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பதில் இல்லை என்றால் பாறை மறைக்கிறது. இந்த ரேடியோ பயன்படுத்தும் வி.எச்.எஃப் அலை நேர்கோட்டில்தான் போகும். கயாக்கில் உட்கார்ந்தவரின் ஆன்டெனா தண்ணீருக்கு ஒரு மீட்டர்கூட மேலே இருக்காது, இரண்டு கயாக்குகளுக்கு நடுவில் சில கிலோமீட்டர்தான் எட்டும். பாறைச்சுவரை விட்டு வெளியே, கடல் திறந்து தெரிகிற இடத்துக்கு நகர்ந்து, ரேடியோவைத் தலைக்கு மேல் செங்குத்தாகப் பிடித்துப் பேசுங்கள். கரையில் இருந்தால் முடிந்தவரை மேலே ஏறுங்கள், ஏற்றம் உங்களுக்குச் சாதகம்.

உதவி கேட்பதில் எல்லோரும் தாமதிக்கிறார்கள், அதனால் இதைத் தெளிவாகவே எழுதுகிறேன். சுக்கான் போய்க் காற்று வெளியே தள்ளுகிறது, இரண்டு அறையில் தண்ணீர், ஒருவர் சோர்ந்துவிட்டார், ஆனால் இப்போதைக்கு உயிராபத்து இல்லை: சேனல் 16-இல் 'பான்-பான்' மூன்று முறை சொல்லி, இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன கோளாறு என்று சொல்லுங்கள். உயிருக்கே ஆபத்து, அதுவும் உடனடியாக என்றால் 'மேடே' மூன்று முறை. டி.எஸ்.சி வசதி (அபாயச் செய்தியைத் தானாக அனுப்புவது) உள்ள ரேடியோவில் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், ஜி.பி.எஸ் இடத்தைப் பிடித்திருக்கும்போது, இருப்பிடமும் சேர்ந்து போகும். எம்.எம்.எஸ்.ஐ எண்ணை (ரேடியோவின் அடையாள எண்) முன்கூட்டியே ஏற்றியிருந்தால்தான் அது வேலை செய்யும், கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

ரேடியோ எட்டவே இல்லை என்றால் பி.எல்.பி (உடம்போடு வைத்திருக்கும் அபாய அறிவிப்புக் கருவி). அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளோடு பேசும் கருவி, குறைந்தது 24 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யும். ஆன்டெனாவை முழுக்க நிமிர்த்தி, வானம் அதிகம் தெரிகிற இடத்தில் வையுங்கள். பாறையின் காலடியில், குகை வாயில் வைத்தால் பாதி வானம் மறைந்துவிடும். உடம்போடு, லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும், படகில் இருக்கக் கூடாது, ஏனென்றால் படகும் நீங்களும் பிரிந்த நேரத்தில்தான் அது தேவைப்படும். பேட்டரியின் காலாவதித் தேதி மேலேயே அச்சிட்டிருக்கும். பதிவு செய்த போன் எண்கள் மாறியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள், தேடுகிறவர்கள் முதலில் கூப்பிடுவது அந்த எண்களைத்தான். தவறுதலாக இயங்கிவிட்டால் பயந்து பையில் ஒளித்து வைக்காதீர்கள், உடனே அணைத்துவிட்டுக் கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொல்லுங்கள், கிளம்பிய ஹெலிகாப்டர் வேறொருவருக்குத் தேவைப்படலாம்.